நேராக நடந்து வந்தார்

தர்ஷினியின் பாவாடையில் ஒட்டியிருந்த மாம்பழக் கறை போகவில்லை என்று மாரீஸ்வரி மறுபடியும் சோப்பை இழுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை அது பாட்டுக்குத் தேய்த்தது, கண் மட்டும் குழாயடித் திட்டின் மேல் தனியாக வைத்திருந்த காக்கிச் சட்டைக்குப் போய்ப் போய் வந்தது. மற்றதெல்லாம் நனைந்தாயிற்று. கைலி ரெண்டு, தலையணை உறை, அவளுடைய நைட்டி, பிள்ளையின் யூனிபாரம், எல்லாம் வாளியில் நுரைக்குள் அமுங்கிக் கிடக்கிறது. அவருடைய சட்டை மட்டும் காய்ந்தபடியே இருக்கிறது. நனைத்துவிட்டால் போய்விடும். காலையில் ஒருதரம் மோந்து பார்த்தாள், சோறு பொங்கி இறக்கிவிட்டு ஒருதரம், இப்போது துணியை அள்ளிக்கொண்டு வரும்போது சுவர்ப்பக்கம் திரும்பி நின்று ஒருதரம். டீசல் வாடை, வேர்வை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாந்தி எடுத்தால் அவர் ஓட்டுகிற வேனுக்குள் ஊற்றிக் கழுவுகிற பினாயில், அதுக்கெல்லாம் கீழே, பைக்குள், கொய்யா இலை. கசக்கின கொய்யா இலை. வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால் உதறிவிட்டு நனைத்துப் போட்டிருப்பாள். குடிகாரனோடு குடித்தனம் பண்ணினவளுக்குத்தான் தெரியும், கடையை விட்டு வெளியே வந்ததும் நாலு இலையை வாயில் போட்டு மென்றால் பக்கத்தில் படுத்தவளுக்கே நாத்தம் தெரியாது என்று. ஆனால் தர்ஷினியும் கண்டதையெல்லாம் அப்பா பையில் போடுகிற பிள்ளை. சாக்பீஸ் துண்டு, புளியங்கொட்டை, ஒருநாள் செத்துப்போன பொன்வண்டு. வேனில் வருகிற பிள்ளைகளில் யார் வீட்டிலாவது கொய்யா மரம் இருக்கும். இல்லாமல் இருக்குமா. இப்படி நினைத்ததும் மூச்சு கொஞ்சம் நிம்மதியாக வந்தது. அப்புறம் நேற்று சாயங்காலம் அவர் நேராக நடந்து வந்தது ஞாபகம் வந்து, வந்த மூச்சு பாதியில் நின்றது.

உள்ளே அவர் படுத்திருக்கிறார். காலை டிரிப் முடித்து, ஒரு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தாரானால் மூணு மணிக்கு எழுந்து வண்டியை எடுப்பார். மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும். பதினாலு பிள்ளைகள், அதில் முன்சீட்டில் அவள் பெற்ற ஒற்றைப் பிள்ளை. நாலுவழிச் சாலையைக் குறுக்கே கடந்துதான் ஊருக்குள் வர வேண்டும், மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போகிற லாரிகள் அந்த இடத்தில் மாடு மிரண்ட மாதிரிதான் வரும். குடித்திருந்தால் அவரை வண்டி எடுக்க விடக் கூடாது. அதில் அவளுக்கு ரெண்டு எண்ணம் இல்லை. குடிக்காமல் இருந்து, குடிச்சீங்களா என்று அவள் வாயால் ஒரு வார்த்தை வந்துவிட்டால்? பதினோரு மாசமாகத் தொடாத மனுசனை அந்த ஒரு வார்த்தையே கடைவாசலில் கொண்டுபோய் விட்டுவிடாதா? கேட்டாலும் ஆபத்து, கேட்காவிட்டாலும் ஆபத்து, மணியோ ரெண்டே கால் தாண்டிவிட்டது, எதிர்வீட்டு ரேடியோவில் செய்தி முடிந்து பாட்டுப் போட்டுவிட்டான். சகாயம் அக்கா நேற்று அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் இவ்வளவு தூரம் போயிருக்காதோ என்னவோ. இதே குழாயடியில்தான், குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே தெருமுனையைப் பார்த்துச் சொன்னாள். "ஏத்தா மாரீசு, ஒன் வீட்டுக்காரரு நடையே மாறிப்போச்சே. கம்பு நட்ட மாதிரி நேரா வாராரு பாரு. வைத்தியம் கியித்தியம் பாக்கிறியளா?" நல்ல மனசோடுதான் சொன்னாள், பாவம். மாரீஸ்வரி ஆமாக்கா என்று தலையை ஆட்டினாள். யார் எதைச் சொன்னாலும் ஆமாக்காதான் அவளுக்கு வரும். திரும்பிப் பார்த்தாள். தெருவின் நடுவில், வெயில் சாய்ந்த வெளிச்சத்தில், தோள் ரெண்டும் சமமாக, கால் ரெண்டும் சமமாக, அவர் வந்துகொண்டிருந்தார். ஊர் உலகத்தில் குடிக்காதவன் நேராக நடப்பான், குடித்தவன் தள்ளாடுவான். அவள் வீட்டில் மட்டும் அது தலைகீழ். இடுப்புக்குள் கம்பி வைத்த மனுசர் அவர், இடது காலை ஊன்றினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும், அந்த வலிக்குப் பயந்து உடம்பை ஒரு பக்கம் சாய்த்துச் சாய்த்துத்தான் நடப்பார். வயிற்றுக்குள் சரக்கு இறங்கினால் வலி தெரியாது. வலி தெரியாவிட்டால் காலை நன்றாக ஊன்றுவார். நன்றாக ஊன்றினால் நேராக நடப்பார். சாய்ந்து வந்தால் நல்லவர், நேராக வந்தால் குடித்தவர். இதைச் சகாயம் அக்காவிடம் எப்படிச் சொல்வது, யாரிடம்தான் சொல்வது.

இடுப்பில் கம்பி வைப்பதற்கு முன்னாடியே அவர் உடம்பு இடப்பக்கம் சாய்ந்த உடம்புதான். கிணறு பழக்கின பழக்கம். மரணக் கிணறு என்று பொருட்காட்சியில் போடுவார்களே, பலகைகளை நட்டமாக நிறுத்தி வட்டமாகக் கட்டி, மேலே விளிம்பைச் சுற்றி ஜனம் நின்று குனிந்து பார்க்க, அடியில் இருந்து பைக்கை முடுக்கி, செங்குத்துச் சுவரிலேயே சுற்றிச் சுற்றி ஏறி, விளிம்புக்கு ஒரு முழம் கீழே வரைக்கும் வருவார்களே, அதில் பன்னிரண்டு வருசம். சுற்று எப்போதும் இடது பக்கமாகத்தான். அவர் ஒருதரமும் வலது பக்கம் சுற்றிப் பார்த்ததில்லை. கல்யாணம் ஆன புதிதில் அவளை ஏற்றிக்கொண்டு ரோட்டில் போகும்போது வலது பக்கம் திரும்ப வேண்டிய இடம் வந்தால் அரை நொடி யோசிப்பார், அந்தப் பக்கம் ஒரு திசை இருப்பதையே மறந்தவர் மாதிரி. கூட்டத்துக்கு வெளியே தகரத்தில் படம் எழுதி வைத்திருந்தார்கள், ராக்கெட் தவமணி என்று, படத்தில் இருந்தவருக்கு மீசை இவரைவிடப் பெரிசு. அவள் முதலில் பார்த்தது அந்த மீசையைத்தான். இருக்கன்குடித் திருவிழாவுக்குத் தீப்பெட்டியாபீஸ் பிள்ளைகளோடு வந்தவள், பத்தொன்பது வயசு, அஞ்சாவதோடு நின்ற படிப்பு, லேபிள் ஒட்டி ஒட்டி விரல் முனையெல்லாம் பசை. விளிம்பில் நின்று நோட்டை நீட்டினால் அவர் ஓட்டிக்கொண்டே வந்து கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போவார், கூட வந்தவளுகள் இவள் கையில் ஒரு பத்து ரூபாய்த்தாளைத் திணித்து நீட்டுடி நீட்டுடி என்றார்கள். நீட்டினாள். கீழேயிருந்து இரைச்சலும் பலகை அதிர்வும் மேலே ஏறி ஏறி வந்தது, அவர் முகம் கிட்டத்தில் வந்ததும் பயந்து கையை வெடுக்கென்று இழுத்துவிட்டாள். தாளுக்கு எட்டின கை வெறுமனே போனதில் வண்டி ஒரு ஆட்டம் ஆடியது, ஜனம் ஓவென்று கத்தியது. ஆட்டம் முடிந்து அவர் மேலே ஏறி வந்து கூட்டத்துக்குள் தேடி அவள் முன்னால் நின்றார். திட்டப் போகிறார் என்று தரையைப் பார்த்து நின்றாள். நீட்டினால் நீட்டிக்கொண்டே இருக்கணும் தாயி, இழுத்தால்தான் ஆபத்து என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ரெண்டு மாசம் கழித்து அவள் அம்மாவிடம் வந்து பெண் கேட்டார். அம்மாவுக்கு அரை மனசு. இவளுக்கு முழு மனசு. அதை யாரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

நுரையை வழித்து ஓடையில் விட்டாள். பாவாடைக் கறை போனபாடில்லை, இருக்கட்டும், வீட்டில் போட்டுக்கொள்கிற பாவாடைதானே. கிணற்றுக்காரர்களுக்குள் ஒரு வார்த்தை உண்டு, பூச்சி என்று. ஜனம் கொஞ்சம் அசந்த மாதிரி தெரிந்தால் கீழே இருக்கிற மேனேஜர் ஒரு பூச்சி காட்டுடா என்று கத்துவார். அவர் உடனே வண்டியை வழுக்கினதுபோல ஒரு முழம் கீழே இறக்கி, கை ஒன்றை விட்டு, விழப்போகிறவர் மாதிரி வாயைப் பிளந்து, மறுபடி ஏறிவிடுவார். பொம்பளைகள் அலறுவார்கள். அவ்வளவு தத்ரூபமாக இருக்கும். கூடாரத்தில் சமைத்துக்கொண்டிருக்கிற இவளுக்கே முதல் ஆறு மாசம் அலறல் கேட்டதும் கரண்டி கையிலிருந்து விழுந்துவிடும். அப்புறம் பழகிவிட்டது, இதுக்கெல்லாம் பயந்தால் எப்படி மாரீசு, நெசமா விழுறவன் வாயைத் தொறக்க மாட்டான், தொறக்க நேரம் இருக்காது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார். பொய்யாக விழத் தெரிந்தவருக்குப் பொய்யாக நொண்டத் தெரியாதா? இன்றைக்குக் காலையில் வேனை எடுக்கப் போனபோது அவர் எப்போதையும்விட அதிகமாகச் சாய்ந்து நடந்தார். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று அவள் முகம் போன போக்கை அவர் கவனித்திருப்பார், கவனிக்காமல் இருப்பாரா, முப்பது அடி ஆழத்தில் சுற்றிக்கொண்டே மேலே யார் கையில் தாள் இருக்கிறது என்று பார்த்தவர். அப்படியானால் இன்றைய சாய்வு பூச்சியா. பூச்சி இல்லையென்றால் நேற்றைய நேர் எங்கிருந்து வந்தது. வாளியில் கையை விட்டு ஒரு கைலியை எடுத்தாள், பிழிந்தாள், பிழிந்ததையே மறுபடி வாளிக்குள் போட்டுவிட்டாள்.

கேட்க முடியாததற்கு வெட்கம் மட்டும் காரணம் இல்லை. குடியை விட அவர் சேர்ந்த மறுவாழ்வு மையத்தில் ஆலோசனை சொல்கிற அம்மா கூடச் சொன்னார்கள், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லாப் பெண்களையும் வட்டமாக உட்கார வைத்து. சட்டையை மோந்து பாக்காதீங்க, பாட்டிலைத் தேடாதீங்க, நேருக்கு நேரா உக்காந்து கேளுங்க என்று. எல்லாரும் எழுந்து நாலு வார்த்தை பேசினார்கள், இவள் முறை வந்ததும் எழுந்தாள், கண்ணீர் வந்தது, உட்கார்ந்துவிட்டாள். ரொம்பக் கூச்ச சுபாவம் போல என்று பக்கத்தில் இருந்தவள் தோளைத் தட்டினாள். கூச்சம்தான். ஆனால் அதுக்குக் கீழே ஒன்று கிடக்கிறது, அதை அந்த வட்டத்திலும் சொல்லவில்லை, பெற்ற தாயிடமும் சொல்லவில்லை. அவர் கிணற்றுச் சுவரிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்த நாள். கோவில்பட்டிப் பக்கம் ஒரு பொருட்காட்சி, நாலு மணி ஆட்டம். அந்தக் காலத்தில் காலையில் எழுந்ததும் அவர் கை நடுங்கும், டம்ளரைப் பிடித்தால் காப்பி பாதி தரையில்தான். ஒரு குவார்ட்டர் உள்ளே போனால் கை கல்லு மாதிரி நின்றுவிடும், அப்புறம் ஹேண்டிலை விட்டு ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு சுற்றுவார். குடித்துவிட்டு ஏறுகிறான் என்று எல்லாருக்கும் தெரியும், மேனேஜரே வாங்கிக் கொடுத்து அனுப்புவார். அன்றைக்கு முந்தின நாள் மேனேஜர் புதிதாக ஒன்று சொன்னார், பிள்ளையை டேங்க் மேலே உட்கார வைத்து ரெண்டு சுற்று சுற்றினால் ஜனம் குவியும் என்று. தர்ஷினிக்கு அப்போது ரெண்டு வயசு. குடித்திருந்த மனுசர் சிரித்துக்கொண்டே, சுத்துனாப் போச்சு என்றார். அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. மறுநாள் மத்தியானம் அவர் குளிக்கப் போயிருந்தபோது அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் கூடாரத்துக்குப் பின்னாடி மணலில் ஊற்றினாள். மணல் சட்டென்று குடித்துவிட்டது, ஈரம்கூட ரொம்ப நேரம் நிற்கவில்லை. சரக்கு இல்லாவிட்டால் ஏற மாட்டார், ஏறாவிட்டால் பிள்ளையும் ஏறாது, இவ்வளவுதான் அவள் கணக்கு. பார்த்துப் பேசி நாலு பேரிடம் நியாயம் கேட்டிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். பேச வராதவள் கையால் பண்ணினாள்.

அவர் வந்து டின்னுக்குப் பின்னால் கையை விட்டார். வெறும் கை வெளியே வந்தது. குத்துக்கால் வைத்து உட்கார்ந்து டின்னை நகர்த்திப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். மைக்கில் ராக்கெட் தவமணி ராக்கெட் தவமணி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், வேறு வாங்கி வர நேரமும் இல்லை. பிள்ளை தூங்குது, இன்னிக்கு வேணாம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அதுக்கப்புறம் ஏற மாட்டார் என்றுதான் இவள் நினைத்தாள். இரைச்சல் கிளம்பியது. கிணற்றுக்கு அடியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை தர்ஷினி, சைலன்சர் கழற்றின வண்டி எவ்வளவு இரைந்தாலும் புரண்டு படுக்காது, ஆட்டம் முடிந்து சத்தம் நின்றால்தான் முழித்துக்கொண்டு அழும். அன்றைக்கு ஆட்டம் தொடங்கி ரெண்டு நிமிசம்கூட ஆகியிருக்காது, பிள்ளை முழித்துக்கொண்டாள். அவள் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்த பிறகுதான் மாரீஸ்வரிக்கே தெரிந்தது, சத்தம் நின்றுபோயிற்று என்று. ஒருத்தரும் அலறவில்லை. நிசமாக விழுந்ததால் யாருக்கும் அலற நேரமில்லை. குடிச்சிட்டு ஏறுனான், விழுந்தான் என்று ஊரெல்லாம் சொன்னது. ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், அவள் அம்மா சொன்னாள், மறுவாழ்வு மையத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று அவரே சொன்னார், குடியாலதான் விழுந்தேன் என்று. எல்லாரும் கை தட்டினார்கள். குடிக்காத கையோடு ஏறினதால் விழுந்தார் என்று இந்த உலகத்தில் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். பாட்டில் எங்கே போனது என்று அவர் இன்றுவரை கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை. இப்போது அவள் குடிச்சீங்களா என்று வாயைத் திறந்தால், அவரும் வாயைத் திறந்து அன்னிக்கு அது எங்க போச்சு மாரீசு என்று கேட்டுவிட்டால். அதுக்குத்தான் பயம். ஒருத்தரை ஒருத்தர் ஒன்றும் கேட்காமல் இருக்கிறதில்தான் அந்த வீட்டுக் கூரையே நின்றுகொண்டிருக்கிறது.

சாவியை எடுத்து ஒளித்து வைத்தால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைக்கும்போதே ஆணியில் பார்த்தாள், கையும் போயிற்று. சில்லென்று இருந்தது சாவி. உடனே விட்டுவிட்டாள். ஒரு தரம் பாட்டிலை எடுத்து ஊற்றிப் பார்த்த கை அது. குருவையா அண்ணாச்சிக்கு ஒரு போன் போட்டால் வேறு டிரைவரை அனுப்பிவிடுவார். வேன் அவருடையது. வேலை கொடுக்கும்போதே இவளைத் தனியாகக் கூப்பிட்டு, யம்மா, அவன் நல்ல பையந்தான், ஆனா பிள்ளைக சமாச்சாரம், ஒருநா வாடை அடிச்சாலும் நீ எனக்கு ஒரு வார்த்தை சொல்லிரணும் என்று கேட்டுக்கொண்டவர். ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையோடு ஆமை மாமா போய்விடுவார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பேர் அது. முப்பதுக்கு மேல் முள்ளை ஏற விட மாட்டார், மாட்டுவண்டிக்காரன்கூட ஒதுங்கச் சொல்லிவிட்டு முந்திப் போவான், பிள்ளைகள் ஆமை மாமா ஆமை மாமா என்று பின்னாலிருந்து பாடும். ராக்கெட்டாக இருந்தவரை ஆமை என்று கூப்பிட்டதில் முதல் நாள் அவர் முகம் என்னவோ மாதிரிப் போயிற்று. அப்புறம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவரே, இந்த ஆமைக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊத்து என்றார். அன்றைக்கு அவள் அடுப்படியில் திரும்பி நின்று அழுதாள். விழுந்த பிறகும் ரெண்டு வருசம் குடித்தவர் தானாகத்தான் மையத்துக்குப் போய்ச் சேர்ந்தார், யாரும் கையைப் பிடித்து இழுத்துப் போகவில்லை. தர்ஷினி நாலு வயசில் பொம்மை வைத்து விளையாடும், அம்மா மாதிரி குனிந்து கோலம் போடும், அப்பா மாதிரி நடந்து காட்டும். நல்ல அப்பா என்று இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து பொம்மைக்கு முத்தம் கொடுத்தது. கெட்ட அப்பா என்று விறைப்பாக, பட்டாளத்துக்காரன் மாதிரி நேராக நடந்து வந்து பொம்மையை ஓங்கி அறைந்தது. கட்டிலில் கிடந்த அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் பையில் ரெண்டு கைலியை எடுத்து வைத்துக்கொண்டு மதுரை பஸ் ஏறினவர்தான்.

அப்படிப் போனவரா திரும்பக் குடிப்பார். பிள்ளை நடந்து காட்டினதைப் பார்த்தவருக்கு நேராக நடந்தால் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று தெரியாதா? தெரிந்துமா நேராக நடந்து வந்தார்? இன்னொன்றும் இருக்கிறதே. பதினைந்து நாளுக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலில் யாரோ ஒரு பிள்ளையின் அம்மா, அவர் சாய்ந்து சாய்ந்து பிள்ளைகளைக் கூப்பிட வருகிறதைப் பார்த்துவிட்டு, வாட்ச்மேனிடம் டிரைவர் தண்ணியா என்று கேட்டிருக்கிறது. வாட்ச்மேன் அதை இவரிடமே சொல்லிவிட்டார். வந்து சொல்லிச் சிரித்தார். "குடிச்சப்ப ஒருத்தனும் கேக்கல மாரீசு. குடிக்காதப்ப கேக்கிறாங்க." மறுநாள் தெருவில் சிமெண்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் போகிற கோட்டில் அடிமேல் அடி வைத்து நடந்து பார்த்துக்கொண்டிருந்ததை இவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நாலு அடிக்கு ஒருதரம் நின்று நின்று பல்லைக் கடித்தார். அப்படியானால் நேற்று நேராக வந்தது அந்தப் பழக்கமாகவும் இருக்கலாம். பதினைந்து நாளில் அவ்வளவு வந்துவிடுமா. வரும், சுவரில் ஏறப் பழகினவருக்குத் தரையில் நடக்கப் பழகுவது பெரிசா. வராது, டாக்டரே சொன்னார், அந்தக் கால் அரை அங்குலம் கட்டை என்று. வரும். வராது. கொய்யா இலை. பிள்ளை போட்டிருக்கும். நேரமாகிறது என்று எழுந்து அந்தச் சட்டையை எடுத்தாள், பையை வெளியே இழுத்து உதறினாள், நொறுங்கின பச்சைத்தூள் கொஞ்சம் ஈரத்திட்டில் விழுந்து ஒட்டிக்கொண்டது, எந்த இலை என்று யாராலும் சொல்ல முடியாது. மோந்து பார்க்காமல் அப்படியே வாளிக்குள் அமுக்கினாள். குமிழி விட்டுக்கொண்டு உள்ளே போயிற்று. போனது போகட்டும். மோந்து மோந்து என்னத்தைக் கண்டாள் இத்தனை வருசமாக.

எதிர்வீட்டு ரேடியோவில் மணி சொன்னான், மூணுக்குப் பத்து நிமிசம். தினமும் இந்த நேரத்தில் அவர் கூப்பிடுவார். படுத்து எழுந்தால் இடுப்பு பூட்டிக்கொள்ளும், முதல் நாலு அடிக்கு அவள் தோள் வேண்டும். தோளைப் பிடித்துக்கொண்டு நாலு அடி, அப்புறம் விட்டுவிட்டு அவராகவே சாய்ந்து சாய்ந்து போய் முகத்தைக் கழுவிக்கொள்வார். இன்றைக்குக் கூப்பிடுவாரா என்றுதான் அவள் காது ரெண்டும் வாசல் பக்கமே இருந்தது. கூப்பிடாமல் எழுந்து தானாக நடந்து வெளியே வந்துவிட்டால் தீர்ந்தது, அப்போது அண்ணாச்சிக்குப் போன் பண்ண வேண்டியதுதான், அழுதுகொண்டாவது பண்ண வேண்டியதுதான். கட்டில் சத்தம் கேட்டது. கைலியைப் பிழிந்துகொண்டிருந்த கை நின்றது. மாரியாத்தா, அவருக்கு வலிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டின பிறகுதான் என்ன வேண்டினோம் என்று அவளுக்கே உறைத்தது. கட்டின புருசனுக்கு உடம்பு நோகட்டும் என்று எந்தப் பொம்பளை சாமியிடம் கேட்பாள். தெருவில் கேட்டால் காறித் துப்புவார்கள். ஆனாலும் வாபஸ் வாங்க மனசு வரவில்லை, நல்லா வலிக்கட்டும் தாயே, காலைத் தரையில் ஊன முடியாமல் வலிக்கட்டும், உயிர் போகிற மாதிரி வலிக்கட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். உள்ளே செருமினார். பிறகு சத்தம் வந்தது. "மாரீசு, வந்து கொஞ்சம் தோளக் குடு. இன்னிக்கு என்னமோ எந்திரிக்கவே முடியல." வெயிலில் சுட்ட கல்லில் தண்ணீர் பட்ட மாதிரி அவளுக்குள் என்னவோ அடங்கியது, கண் நிறைந்தது, வலிக்குது, அவருக்கு வலிக்குது, சாமி கேட்டுவிட்டது என்று அவசரமாக எழுந்தவள் ரெண்டு அடி வைத்தாள். மூணாவது அடியில் நின்றுவிட்டாள். இதுவும் பூச்சியாக இருந்தால். எந்திரிக்கவே முடியல என்று இதுக்கு முன்னால் ஒருநாளும் சொன்னதில்லையே, வெறுமனே தோளக் குடு என்றுதான் சொல்வார், இன்றைக்கு மட்டும் எதுக்குக் கூடுதலா ஒரு வார்த்தை. நம்ப வைக்கிற மாதிரி சொல்ல வேண்டிய அவசியம் எப்போது வரும். இனி அவர் சாய்ந்து நடந்தாலும் நேராக நடந்தாலும், அலறினாலும் சிரித்தாலும், பார்த்துக் கண்டுபிடிக்க ஒன்றும் பாக்கி இல்லை. வெளியே தெரிகிற எதையும் அவர் செய்து காட்டுவார், அதுதானே அவர் தொழில். அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான், தேடாமலே, அந்த வார்த்தை வந்தது. குடிச்சீங்களா என்று கேட்க வேண்டியதே இல்லை. நேத்து வலிக்கலையா. இவ்வளவுதான். பொண்டாட்டி புருசனைக் கேட்கிற சாதாரணக் கேள்வி. இதில் குத்தமும் இல்லை, சந்தேகமும் இல்லை, கூச்சப்பட என்ன இருக்கிறது. வலிச்சது, பல்லைக் கடிச்சிக்கிட்டு நடந்தேன் என்றால் ஒரு பதில். வலிக்கல என்றால் ஒரு பதில். ஒன்றும் சொல்லாமல் அவர் முகத்தைத் திருப்பினாலும் பதில்தான். பதிலுக்கு அவர் எதைக் கேட்டாலும் கேட்கட்டும், இத்தனை வருசம் கேட்காமல் இருந்ததில் யாருக்கு என்ன நல்லது நடந்தது. பதினாலு பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு நிற்கும். "மாரீசு, எங்கத்தா இருக்க, மணியாச்சு" என்று மறுபடியும் கூப்பிட்டார், இந்தா வாரேன் என்று ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டே நிலையைத் தாண்டினாள். வெயிலிலிருந்து உள்ளே போனதில் கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் கட்டில் தெரிந்தது, கட்டில் விளிம்பில் அவர் தெரிந்தார், குனிந்து தோளைக் கொடுத்தாள், அவர் பாரம் மொத்தமும் அவள் மேல் இறங்கியது, அவர் மூச்சு அவள் காதோரத்தில் பட்டது, மோந்து பார்க்கக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாலு அடியில் முதல் அடி வைத்ததும், வாயைத் திறந்து, என்னங்க, நேத்து வலிக்கலையா என்று கேட்டுவிட்டாள்.